ஜெபித்துவிட்டுத்தான் மைதானத்துக்குள் போகிறேன், அப்புறமும் ஏன் இந்தக் கோபம்?

கறுப்புச்சட்டை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கால்பந்து நடுவராக இது எனக்கு மூன்றாவது சீசன். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், திட்டுவதென்றால் திட்டுங்கள்.

போன சனிக்கிழமை ஆட்டம். 83வது நிமிடம், 1-1. பெனால்டி பகுதிக்குள் ஒருவரைக் காலிடறி விழவைத்தார்கள். நான் பத்தடி தூரத்தில் நிற்கிறேன், தெளிவாகத் தெரிந்தது. விசில் அடித்துப் புள்ளியைக் காட்டினேன். ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவர் கேப்டன். அவர் என் சபைக்காரர்தான். "உனக்கெல்லாம் எவன்டா விசில் குடுத்தான்" என்றார். மஞ்சள் கார்டை உருவி அவர் மூக்கில் படுகிற மாதிரி நீட்டினேன். சரி, அதோடு விட்டிருக்கலாம். "இன்னொரு வார்த்தை பேசு, பார்க்கலாம்" என்றேன். பேசினார். இரண்டாவது மஞ்சள், சிவப்பு, வெளியே.

சட்டப்படி ஒரு குறையும் கிடையாது. அறிக்கையும் சுத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த இரண்டாவது வார்த்தையை நான்தான் கேட்டு வாங்கினேன். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

மறுநாள் ஆராதனையில் திருவிருந்து. எனக்கு இரண்டு ஆள் தள்ளி அவர் முழங்காலில் நிற்கிறார். "உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்" என்கிற வசனம் அன்றைக்கென்று மண்டைக்குள் ஓடுகிறது. நான் எடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் ஒரு நாள் விடாமல் ஜெபிக்கிறேன். பிலிப்பியர் நாலாம் அதிகாரம் வாசிக்கிறேன். எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் என்று அதில் இருக்கிறதே, அது 83வது நிமிடத்தில் எங்கே போய்விடுகிறது?

மூப்பர்

தம்பி, ஜெபத்தில் இன்னும் தரித்திருங்கள். உள்ளே வெறுமை இருக்கும்போதுதான் கோபம் நுழைகிறது. அதிகாலையில் ஒரு மணி நேரம் கர்த்தருடைய பாதத்தில் அமர்ந்துவிட்டுப் போங்கள், எல்லாம் சரியாகும்.

லெக் அம்பயர்

மூப்பரையா தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தம்பி ஜெபிக்கவில்லை என்று சொல்லவே இல்லையே.

நான் கிரிக்கெட்டில் பத்தொன்பது வருடமாக அம்பயர். தம்பி, உங்களை ஒன்று கேட்கிறேன். அந்த அறையில் என்ன ஜெபித்தீர்கள்? "தப்பே வராமல் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே" என்றுதானே? நானும் முதல் பத்து வருடம் அதைத்தான் ஜெபித்தேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தப்பு வராது என்று உள்ளுக்குள் ஒரு உத்தரவாதம் வாங்கிக்கொண்டு போய் நிற்கிறோம். எவனாவது "தப்பு" என்று கத்தினால் அது நம் விசுவாசத்தையே கேலி செய்கிற மாதிரி வலிக்கிறது. உடனே சண்டைக்கு நிற்கிறோம்.

மோசே நியாயாதிபதிகளை ஏற்படுத்தும்போது சொன்னதைப் பாருங்கள், உபாகமம் 1:17. முகதாட்சிணியம் பாராதே, பெரியவனுக்குக் காது கொடுக்கிற மாதிரியே சிறியவனுக்கும் கொடு, மனிதன் முகத்திற்குப் பயப்படாதே என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "நியாயத்தீர்ப்பு தேவனுடையது" என்கிறார். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. தீர்ப்பு என் சொத்து கிடையாது. நான் கைமாற்றிக் கொடுக்கிறவன். என் சொத்து இல்லாததை ஒருவன் ஏசினால் நான் எதற்குக் கொதிக்க வேண்டும்?

இதெல்லாம் உபதேசம். இப்போது தொழில். ஸ்டீவ் பக்னரைப் பார்த்திருப்பீர்கள், 128 டெஸ்டில் நின்றவர். அப்பீல் வந்ததும் அசையவே மாட்டார். பந்துவீசியவன் மண்டியிட்டுக் கத்துவான், அவர் பாட்டுக்கு நிற்பார், லேசாகத் தலையசைப்பார், அப்புறம்தான் விரல் மெதுவாக மேலே போகும். அவுட் ஆகிறவனுக்கு நரகம்தான். ஆனால் யாக்கோபு எழுதினதுக்கு அதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியாது: கேட்கிறதற்குத் தீவிரம், பேசுகிறதற்குப் பொறுமை, கோபிக்கிறதற்குத் தாமதம்.

அந்த இரண்டு மூன்று விநாடியில் நான் செய்வது இதுதான். பந்து எங்கே பிட்ச் ஆனது, காலில் எங்கே பட்டது என்று ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். கூடவே நெகேமியா. ராஜா கேள்வி கேட்கிறார், பதில் சொல்வதற்குள் அந்த மனுஷன் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்துவிடுகிறான். ராஜா கவனித்தாராம் என்று கூட எழுதியில்லை, அவ்வளவு சின்ன ஜெபம். எனக்கு "என் வாய்க்குக் காவல்வையும்" போதும், சங்கீதம் 141. காலை ஒரு மணி நேர ஜெபம் நல்லதுதான், ஆனால் 83வது நிமிடத்துக்கு 83வது நிமிடத்தில் ஒரு ஜெபம் வேண்டும்.

சந்தேகப்பேர்வழி

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, கூடைப்பந்து நடுவர், இந்தத் தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். லெக் அம்பயர் ஐயா சொன்னதில் பாதி மூச்சுப்பயிற்சி. இரண்டு விநாடி நிறுத்தினால் யாருக்கும் படபடப்பு குறையும், அதற்கு வசனம் எதற்கு?

இன்னொரு விஷயம். கோபம் வருவது கண்ணுக்குத் தெரிகிறது, திருத்திக்கொள்ளலாம். தெரியாமல் நடப்பதுதான் மோசம். 2002-ல் வந்த ஓர் ஆய்வில் தகுதிபெற்ற நடுவர்கள் 40 பேருக்கு ஒரே கால்பந்து ஆட்டத்தின் மோதல்களை வீடியோவில் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த மைதான அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல் 15 சதவீதத்துக்கும் மேல் குறைவு. ஸ்பெயின் லீக்கை வைத்து 2005-ல் இன்னொன்று வந்தது: சொந்த மைதான அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர் கடைசியில் சேர்த்துக் கொடுக்கிற நேரம் நீள்கிறது, முன்னால் இருந்தால் சுருங்குகிறது. யாரும் காசு வாங்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. அந்த நடுவர்கள் எல்லோரும் தாங்கள் அமைதியாக இருந்ததாகத்தான் சத்தியம் பண்ணியிருப்பார்கள். இதற்கு உங்கள் ஜெபம் என்ன செய்யும்?

ஓரக்கோடு

நல்ல கேள்வி. நான் உதவி நடுவர், பெண். கொடியோடு கோட்டோரம் ஓடுகிற எனக்கும் கூட்டத்துக்கும் சில இடங்களில் ஒரு கை தூரம்தான். என் சமையல், என் கல்யாணம், என் கண்பார்வை எல்லாவற்றையும் பற்றி முதுகுக்குப் பின்னால் 90 நிமிடம் கருத்து வந்துகொண்டே இருக்கும். அதனால் சத்தம் காது வழியாக எப்படி உள்ளே இறங்குகிறது என்று எனக்கு ஆய்வு இல்லாமலே தெரியும்.

ஆனால் சகோதரரே, உங்கள் ஆய்வு கண்டுபிடித்ததை யாத்திராகமம் 23 ரொம்பக் காலத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. திரளான பேர்களைப் பின்பற்றி நியாயத்தைப் புரட்டாதே என்று இரண்டாம் வசனம். எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த வசனம்: வழக்கில் ஏழை என்பதற்காகவும் முகம் பார்க்காதே. நம் ஆட்களில் எத்தனை பேர் இதில் விழுகிறோம்! முதல் பாதியில் ஒரு அணிக்குத் தப்பாகக் கொடுத்துவிட்டோமே என்று இரண்டாம் பாதியில் ஒரு விசிலால் ஈடுகட்டுவோம். 4-0 என்று பின்தங்கி நிற்கிறார்களே, பாவம் என்று ஒரு ஃப்ரீ கிக். அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அது இன்னொரு தப்பு, அவ்வளவுதான்.

இயேசுவை விசாரித்த பிலாத்துவை எனக்கு நடுவராகத்தான் பார்க்கத் தோன்றும். மரணத்திற்கு ஏதுவான குற்றம் ஒன்றையும் காணேன் என்று மூன்று தடவை சரியாகவே சொன்னார், லூக்கா எண்ணியே எழுதியிருக்கிறார். தீர்ப்பு சரி, கோணம் சரி. சத்தம் அதிகமானது, மாற்றிவிட்டார். ஜனங்களைப் பிரியப்படுத்த மனதுள்ளவனாய் என்று மாற்கு காரணத்தையும் போட்டுக்கொடுக்கிறார். அப்புறம் தண்ணீர் வாங்கிக் கை கழுவியது, ஆட்ட அறிக்கையில் நாம் வளைத்து வளைத்து எழுதுவோமே, அது மாதிரி. பிலாத்து அந்த நேரத்தில் கத்தியதாக எங்கேயும் இல்லை. மனுஷன் ரொம்ப அமைதியாகவே தோற்றுப்போனார்.

ஜெபம் என்ன செய்யும் என்று கேட்டீர்கள். சத்தத்தைக் குறைக்காது. யாருக்குக் கணக்குக் கொடுக்கப் போகிறேன் என்பதை மாற்றிவிடும். தீர்ப்பு கொடுத்தபின் என் கண் தானாகக் கேலரிப் பக்கம் போகுமானால் அன்றைக்கு நான் சரியில்லை என்று எனக்கே தெரிந்துவிடும்.

சந்தேகப்பேர்வழி

பிலாத்து பாயிண்ட் நன்றாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். மூச்சுப்பயிற்சியையும் விடவில்லை.

மூப்பர்

சகோதரி சொன்னது ஆசீர்வாதமாக இருந்தது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம், நான் விளையாட்டு தெரியாதவன். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொன்னாரே ஆண்டவர். திட்டினவனை மன்னித்துவிட்டுப் போகாமல் அட்டையைக் காட்டி வெளியே அனுப்புவது விசுவாசிக்கு எப்படிப் பொருந்தும்?

ஏணிமேல்

ஐயா, நான் வாலிபால் முதல் நடுவர், வலைக்குப் பக்கத்தில் மேடை மேல் நிற்கிற ஆள். இதே கேள்வி என்னையும் படுத்தியிருக்கிறது.

எனக்குச் செய்ததை நான் மன்னிக்கலாம். இன்னொருத்தனுக்குச் செய்ததை மன்னிக்க எனக்கு என்ன அதிகாரம்? ஏழாம் நம்பர்காரனின் கணுக்காலை ஒருவன் மிதித்தால், "போகட்டும், மன்னித்தேன்" என்று நான் சொல்வது கணுக்காலுக்குச் சொந்தக்காரனிடம் திருடுவது. நடுவரைத் திட்டுவதும் பாதி அப்படித்தான். என்னைத் திட்டி மிரட்டினால் அடுத்த தீர்ப்பு தங்கள் பக்கம் சாயும் என்றுதான் திட்டுகிறார்கள். நான் பேசாமல் வாங்கிக்கொண்டால் சும்மா இருக்கிற எதிரணிக்குத்தான் நஷ்டம்.

எங்கள் ஆட்டத்தில் சிவப்பு காட்டினால் எதிரணிக்கு ஒரு புள்ளியும் சர்வீஸும் போய்விடும். 24-23ல் பின்தங்கி நிற்கிற அணிக்குக் காட்டினால் செட்டே முடிந்தது. அதனால் அந்தக் கை உயரும்போது அது கோபமா கடமையா என்று எனக்கே தெரிந்தாக வேண்டும். நான் வைத்திருக்கிற சோதனை: இதே வார்த்தையை எனக்குப் பிடித்த ஆட்டக்காரன் சொல்லியிருந்தால் காட்டுவேனா? ஆம் என்றால் காட்டு.

ஓரக்கோடு

ஏணிமேல் அண்ணா சொன்னதோடு ஒரு சின்ன சரித்திரம். 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து, அர்ஜென்டினா காலிறுதியில் அர்ஜென்டினா கேப்டன் ரத்தீனை வெளியேற்றினார்கள், அவர் நகரவே மாட்டேன் என்று நின்றுவிட்டார். நடுவருக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு நடுவர் மொழி தெரியாது. அந்தக் குழப்பத்தை நேரில் சமாளித்த கென் ஆஸ்டன் என்கிற நடுவர், அப்புறம் சாலை விளக்கைப் பார்த்து மஞ்சள், சிவப்பு என்று யோசித்தாராம். 1970 உலகக் கோப்பையில் அட்டை வந்தது.

ஆக, கத்தாமல் இருப்பதற்காகவே வந்த பொருள் அது. அட்டை பேசட்டும், நம் வாய் பேச வேண்டாம். கறுப்புச்சட்டை தம்பி செய்த தப்பு, அட்டையையும் காட்டி வாயையும் திறந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர் சிவப்பைப் பின்பாக்கெட்டில் பட்டன் போட்டு வைப்பார். ஏன் ஐயா என்று கேட்டேன். "பட்டனைக் கழற்றுகிற நேரத்துக்குள் என் கோபம் இறங்கிவிட்டால், அது கோபத்துக்காக எடுக்கப் போன அட்டை" என்றார்.

தொழில்முறையில் இன்னும் இரண்டு: அட்டை காட்டும்முன் ஓரடி பின்னால் போங்கள், முன்னால் போகாதீர்கள். கை முகத்துக்கு நேரே நீளக் கூடாது, தலைக்கு மேலே போக வேண்டும். குரலை அவர்களைவிடத் தாழ்த்துங்கள். மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும் என்று நீதிமொழிகளில் இருப்பதை இப்படியும் சோதித்துப் பார்க்கலாம். தாழ்ந்த குரலைக் கேட்க அவன் வாயை மூடியாக வேண்டும். (இரண்டு என்றேன், மூன்றாகிவிட்டது.)

கறுப்புச்சட்டை

எல்லோருக்கும் நன்றி. பின்பாக்கெட் விஷயத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் இரண்டையும் சட்டைப்பையில் ஒன்றாக வைப்பேன், சீட்டுக்கட்டு மாதிரி.

ஒன்று கேட்கலாமா? உண்மையாகவே தீர்ப்பு தப்பாகப் போனால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எனக்கு மூன்று நாள் தூக்கம் வராது.

லெக் அம்பயர்

வரக்கூடாதுதான், ஒரு ராத்திரியாவது. வந்துவிட்டால் நாம் கல்.

டேவிட் ஷெப்பர்டை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் பிடித்த அம்பயர். 2001-ல் ஓல்ட் டிராஃபோர்டு டெஸ்டில் சில நோ-பால்களைக் கவனிக்காமல் விட்டு, அந்தப் பந்துகளில் விக்கெட் போனது. மனுஷன் வேலையையே விட்டுவிட நினைத்தார். சக அம்பயர்களும் மற்றவர்களும் தேற்றினார்கள், அதன்பிறகும் சில வருடம் நின்றார். (இவர்தான் ஸ்கோர் 111 ஆனால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றவர், அது துரதிர்ஷ்ட எண்ணாம். சிரிக்காதீர்கள். ஒரு நாள் அவசரத்தில் ஜெபிக்காமல் மைதானத்துக்குள் போய்விட்டேன், முழங்கால் நடுங்கியது. "இன்றைக்கு ஏதோ நடக்கப்போகிறது" என்று தோன்றியது. என் ஜெபமும் ஷெப்பர்டின் கால் மாதிரிதான் ஆகியிருந்தது என்று அன்று புரிந்தது.)

நான் செய்வது: முதலில் விதி என்ன அனுமதிக்கிறது என்று பார்ப்பது. கிரிக்கெட்டில் உடனே மாற்றினால் மாற்றலாம். உங்கள் கால்பந்தில் ஆட்டம் மறுபடி தொடங்காத வரை மாற்றலாம். அந்த நேரத்துக்குள் தப்பு என்று தெரிந்தால், மானம் போகிறதே என்று பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்வது நம் வேலை. நேரம் கடந்துவிட்டால் அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த பந்து. ராத்திரி வீட்டில் அதை ஒரு நோட்டில் எழுதுவேன்: எங்கே நின்றேன், என்ன பார்த்தேன், ஏன் தப்பியது. கத்தோலிக்க நண்பர் ஒருவர் சொன்னார், லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனை இது மாதிரிதான், நாள் முடிவில் நன்றியோடு தொடங்கிக் குறைகளைப் பார்ப்பதாம். நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன், நன்றியே இல்லாமல் குறை மட்டும். இப்போது சரியாகக் கொடுத்த மூன்றை முதலில் எழுதுகிறேன். தூக்கம் வருகிறது.

சந்தேகப்பேர்வழி

தப்பை ஒத்துக்கொள்வது பற்றி என்றால் பேஸ்பால் கதை ஒன்று இருக்கிறது. 2010 ஜூன் 2. டெட்ராய்ட் அணியின் கலராகா பந்து வீசுகிறார். 27 பேரில் ஒருவரைக்கூட பேஸ் தொடவிடாமல் வெளியேற்றினால் அது பர்ஃபெக்ட் கேம், நூறு வருடத்துக்கு மேலான வரலாற்றிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய விஷயம். 26 பேர் போய்விட்டார்கள். 27வது ஆள் முதல் பேஸில் தெளிவாக அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் "சேஃப்", அதாவது அவுட் இல்லை, என்று கை விரித்துவிட்டார். கலராகா ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத் திரும்பவும் பந்து போடப் போனார், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்து ரீப்ளே பார்த்த ஜாய்ஸ் எந்தச் சாக்கும் சொல்லாமல் தன் தப்பு என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார், கலராகாவிடம் நேரிலும் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டத்துக்கு அணிப் பட்டியலை ஜாய்ஸிடம் கொண்டுவந்து கொடுத்தது கலராகாதான். ஜாய்ஸ் மைதானத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதில் யாருக்கு என்ன மதம் என்று எனக்கு அக்கறை இல்லை. ஆனால் உங்கள் ஆட்கள் பேசுகிற மன்னிப்பு என்ன என்று எனக்குப் புரிந்தது பைபிளில் இல்லை, அந்த வீடியோவில்.

ஏணிமேல்

அதே பேஸ்பாலில் டெட் பேரட் என்று ஓர் அம்பயர், சபை ஊழியரும்கூட, சக அம்பயர்களுக்காகவே ஓர் ஊழியத்தைத் தொடங்கியவர். 1999, 2012 என்று இரண்டு பர்ஃபெக்ட் கேமில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், அதாவது ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்புச் சொல்கிற இடத்தில், நின்றவர் அவர். சபையிலும் பிரசங்கம், களத்திலும் தீர்ப்பு! எனக்கு ஒன்றுக்கே நாக்கு வறள்கிறது.

ஒரு கிளைக்கேள்வி, நடுவில் போட்டுவிடுகிறேன்: களத்துக்குள் நுழையும்போது சிலுவை அடையாளம் போடலாமா? நான் போடுவதில்லை. வெட்கம் இல்லை. அடுத்த அணியில் வேறு நம்பிக்கைக்காரர் இருப்பார், முதல் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனால் அவர் என் கையைத்தான் நினைப்பார்.

ஓரக்கோடு

நான் போடுவேன், ஆனால் அறைக்குள்ளேயே. உங்கள் காரணம்தான்.

கறுப்புச்சட்டை

இரண்டு வாரம் கழித்து வருகிறேன்.

அந்த அண்ணனைப் போய்ப் பார்த்தேன். ஆராதனை முடிந்து எல்லோரும் கிளம்பின பிறகு, செருப்பு விடுகிற இடத்தில். "அண்ணா, பெனால்டி பெனால்டிதான், முதல் கார்டும் கார்டுதான். ஆனால் இரண்டாவதை நான் உங்களைச் சீண்டி வாங்கினேன், அது தப்பு" என்றேன். கட்டிப்பிடிப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன், பொய் சொல்ல மாட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "பெனால்டியும் இல்லப்பா அது" என்றார். அப்புறம், "சரி, விடு" என்றார். அவ்வளவுதான். அந்த வாரம் திருவிருந்து இல்லை, அடுத்த மாதம்தான்.

நேற்று ஓர் ஆட்டம். 60வது நிமிடம் வாக்கில் ஒரு கோலை ஆஃப்சைடு என்று மறுத்தேன், சூழ்ந்துகொண்டார்கள். ஓரடி பின்னால் போனேன், வாய்க்குக் காவல் கேட்டேன், கேப்டனிடம் மட்டும் தாழ்ந்த குரலில் பேசினேன். கலைந்துபோனார்கள். எனக்கே ஆச்சரியம். உள்ளுக்குள் அமைதியெல்லாம் ஒன்றும் இல்லை, காது வரை சூடு, இதயம் தொண்டையில். ஆனால் கை பாக்கெட்டுக்குப் போகவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு சாதாரண த்ரோ-இன்னுக்கு ஒரு பையனிடம் எரிந்து விழுந்துவிட்டேன், அது வேறு கதை. நோட்டில் எழுதியாயிற்று.

இப்போது புதுப் பிரச்சினை. அடுத்த மாதம் அந்த அண்ணன் அணியின் ஆட்டத்துக்கே என்னைப் போட்டிருக்கிறார்கள். நியமனம் செய்கிறவரிடம் ஒரே சபை, முன்னால் நடந்தது எல்லாம் சொன்னேன். "சொன்னது நல்லது, வேறு ஆள் இல்லை, நீயே போ" என்கிறார். போகலாமா?

லெக் அம்பயர்

சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள், அப்புறம் என்ன? போங்கள். ஆனால் ஆட்டம் திருவிருந்துக்கு முன்னாலா, பின்னாலா?

கறுப்புச்சட்டை

முந்தின நாள் சாயங்காலம் ஐயா.

ஓரக்கோடு

பின்பாக்கெட்டில் பட்டன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.